நாலு இஞ்ச் உயரம்

கிளென்மார்கன் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளில் குடியிருந்த நாச்சிமுத்து வாடகைக்கு ஜீப் ஓட்டினார். மனைவி தனபாக்கியத்துக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனபின், வாரம் இரண்டு முறை அவளை டயாலிசிஸுக்கு ஊட்டிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ஆடி மழை பாதையை அரித்ததில் பாறைகள் துருத்தி நின்றன. ஒருநாள் ஜீப்பின் அடிப்பாகம் பாறைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆள் சேர்த்துத் தள்ளி, ஊட்டி போய்ச் சேர்ந்தபோது அன்றைய முறை தவறிப்போயிருந்தது. மறுநாள் வரை அவள் மூச்சுக்குத் திணறினாள்.

ஜீப்பை உயர்த்தித் தரச் சொல்லிப் போனபோது, ஊட்டி காந்தலில் மெக்கானிக்காக இருந்த ஹரிதாஸ் பாதையைப் பற்றிக் கேட்டுக்கொண்டார்.

"இருக்கற ஸ்பிரிங்குக்கு மேல ஸ்பேசர்னு ஒரு கட்டை வெச்சா ரெண்டு இஞ்ச் தூக்குமுங்க. உங்க பாறைக்கு அது பத்தாது. உயர ஸ்பிரிங்கே மாத்திட்டா நாலு இஞ்ச் கிடைக்கும். ஆனா அக்கா எப்படிங்க ஏறுவாங்க?"

"நான் தூக்கி உக்கார வெச்சுக்கறனுங்க."

உயர ஸ்பிரிங் மாற்றியபின் ஜீப் ஒருமுறைகூட வழியில் நிற்கவில்லை. முதல் வாரம் அவளைத் தூக்கியபோது நாச்சிமுத்துவுக்கு மூச்சு வாங்கியது.

"பாத்துங்க, இடுப்பு புடிச்சுக்கப் போவுது" என்று அவள் சிரித்தாள்.

தை பிறந்தபோது அவருக்கு மூச்சே வாங்கவில்லை. அவள் அவ்வளவு இளைத்துவிட்டதை அவர் கைகள்தான் முதலில் அறிந்தன. பயந்துபோய், டாக்டரிடம் அதைக் கேட்காமலே இருந்தார். மாசியில் ஒரு காலை, ஊட்டி போகும் வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது.

இப்போதும் லைனில் யாருக்காவது முடியாமல் போனால் அவர்தான் கூட்டிப்போகிறார். ஏறுவதற்கு ஒரு மர முக்காலி வைத்திருக்கிறார். யாரையும் தூக்கிவிடுவதில்லை.