எபிசன் மைக் பிடித்த நாள்

குலசேகரத்துப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற எபிசனிடம் நாலு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு நாக்கு தள்ளிவிடும். மரத்தைக் கீறினால் பால் வரும். இவனைக் கீறினாலும் ‘ம்’ தான் வரும். அவன் பங்கையும் சேர்த்து மனைவி அபினா பேசிவிடுவாள். ஆட்டோவில் ஏறினால் டிரைவரின் மாமியார் வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் இறங்குவாள். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறை ஒன்றுமில்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அபினாவும் பேசமாட்டாள். முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யவில்லை என்றார்கள்.

இப்போது இரண்டாவது. இதற்கும் வளர்ச்சி குறைவு என்று தெரிந்ததும் நாகர்கோவில் டாக்டரம்மா எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். தாய் இழுக்கிற ஆக்சிஜனை நஞ்சுக்கொடி பிள்ளைக்குக் கொண்டு சேர்க்கிறதா என்று அதில் பார்க்கலாமாம். சேர்த்தால் பிள்ளை உள்ளேயே வளரட்டும். இல்லையென்றால் இப்போதே வெளியே எடுத்துவிட வேண்டும்.

அபினா இடது பக்கம் சரிந்து படுத்தபடி மெஷினுக்குள் போனாள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், காதில் ஹெட்போன், முடியாவிட்டால் அமுக்குவதற்குக் கையில் ஒரு ரப்பர் பந்து. பேசக்கூடாது, அசையக்கூடாது. கொஞ்ச நேரத்திலேயே பந்தை அமுக்கினாள்.

“பிள்ளை காலால சவுட்டுது. படத்துல தெரியுதா?”

மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் அமுக்கினாள். “இது என்ன சத்தம், மண்டைக்காட்டுக் கோயில் கொடைக்கு வெடி போடுத மாதிரி?”

ஸ்கேன் எடுக்கிற ஸ்ரீஜித், வெளியே பக்கத்தில் நின்ற எபிசனைப் பார்த்துத் தலையில் கைவைத்தான். “படம் பூரா கலங்கிப் போவுது அண்ணா. அக்காவுக்குப் பயம், அதான் பேசுறாவ. நீங்க இந்த மைக்ல எதாவது பேசிட்டு இருங்க. அக்கா கேட்டுட்டு அனங்காம, அசையாம கிடந்தாப் போதும்.”

“நானா?” எபிசனுக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் மைக்கைப் பிடித்தான்.

“அபினா, நாந்தான். மிண்டாம, பேசாம கெட, கேட்டியா.”

அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. பிறகு மழையில் பால் குறைந்ததைச் சொன்னான். பெண் பார்க்கப் போன அன்று அவள் போட்ட டீயில் சீனியே இல்லாததைச் சொன்னான். ஸ்ரீஜித் போதும் என்று சொல்வதாக இல்லை. பேசப் பேச வாய் தானாக அங்கே போய்விட்டது.

“மூத்தவளுக்கு நான் ஒரு பேரு வச்சிருந்தேன். உனக்கிட்ட சொல்லல்ல. சொன்னா நீ அழுவியோன்னு பயம். பால் வெட்டும்போ தனியா நின்னு, அந்தப் பேரச் சொல்லி அவள விளிப்பேன்.”

பேர் வெளியே வரவில்லை. இப்போது நிச்சயம் அமுக்குவாள் என்று ஸ்ரீஜித் காத்திருந்தான். அபினா அமுக்கவில்லை. கண்ணீர் மாஸ்க்குக்குள் இறங்கியும் அசையாமல் கிடந்தாள்.

சாயங்காலம் டாக்டரம்மா படத்தைக் காட்டினார். நஞ்சுக்கொடியில் ஓரமாகக் கொஞ்சம் பலவீனம். மற்றபடி ஆக்சிஜன் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது. அடிக்கடி வந்து காட்டுங்கள், பிள்ளையை இப்போது எடுக்கவேண்டாம் என்றார். எபிசனுக்கு அங்கேயே அழவேண்டும் போலிருந்தது, அழுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அபினா பக்கத்துச் சீட்டுக்காரியிடம் ஊர்கூடக் கேட்கவில்லை. தக்கலை தாண்டியதும் எபிசன் பக்கம் திரும்பினாள்.

“பேரு என்ன?”

“ஜெனிஷா.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வயிற்றின்மேல் கைவைத்தாள். “கேட்டியா மக்கா, உனக்க அக்காளுக்க பேரு ஜெனிஷா” என்று ஆரம்பித்தவள், குலசேகரம் வரும்வரை வாயை மூடவில்லை.