ஒரு சொம்புக் கிணற்றுத் தண்ணீர்

சமீருல்லா வாணியம்பாடியில் வீடு வாங்கியபோது எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: தோல் கம்பெனி எவ்வளவு பக்கம்? தோல் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலம் அது. சங்கு ஊதினால் தெருவே வேலைக்குக் கிளம்பும். மாப்பிள்ளை டேனரியில் இருக்கிறார் என்றால் பெண் வீட்டார் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். உமைமாவை அப்படித்தான் அவருக்குக் கொடுத்தார்கள்.

கம்பெனி விட்ட கழிவுத் தண்ணீரால் கிணறு மெல்ல உப்பேறியது. பருப்பு வேகவில்லை. தெரு ஜனங்கள் கம்பெனி வாசலில் போய்ச் சத்தம் போட்டார்கள். விசாரிக்க அதிகாரிகள் வந்த அன்று முதலாளி கண்ணைக் காட்டியதும் சமீருல்லா என்ன செய்தார் தெரியுமா? தன் கிணற்றில் இறைத்து, எல்லார் முன்னாலும் ஒரு சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்தார்.

"இன்னா கெட்டுப்போச்சு? நான் குடிக்கிறேனே!"

அதிகாரிகள் ஜீப் ஏறினார்கள். கம்பெனி அவரை மேஸ்திரி ஆக்கியது. தெருவுக்குத் தினமும் தண்ணீர் லாரி அனுப்பியது. கெடுத்தவனே ஊற்றினான், அதையும் புண்ணியம் என்று வாழ்த்தினார்கள், வெட்கங்கெட்டவர்கள்!

பிறகு ஆர்டர்கள் வேறு ஊர்களுக்குப் போயின. ஒவ்வொரு கம்பெனியாகக் கதவைச் சாத்தியது. முதலாளி குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. தண்ணீர் லாரியும் நின்றது. உப்பு மட்டும் எங்கேயும் போகவில்லை. முட்டி தேய்ந்த உமைமா இரண்டு தெரு தள்ளிப் போய்க் குடம் சுமக்கிறாள். வீடு விற்றால் பெங்களூரில் மகள் இரம் வீட்டுப் பக்கம் போய்விடலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர் கார்முகிலன் மனைவி தீபலட்சுமியோடு வீடு பார்க்க வந்தார். இப்போதெல்லாம் இந்தப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் தண்ணீரைத்தான் வாயில் ஊற்றிப் பார்க்கிறார்கள். அது தெரிந்து சமீருல்லா கேன் தண்ணீரைக் குடத்தில் ஊற்றி வைத்திருந்தார். கார்முகிலன் குடித்துவிட்டுத் தலையாட்டினார். உமைமாவின் முகம் மலர்ந்தது.

கிணற்றடித் தொட்டியைத்தான் சமீருல்லா மறந்துவிட்டார். கை கழுவப் போன தீபலட்சுமி திரும்பி வந்து, "எவ்ளோ தேய்ச்சாலும் சோப்பு நுரைக்கவே இல்லீங்க" என்றாள்.

சமீருல்லா கிணற்றடிக்கு ஓடினார். கிணற்றில் வாளியை இறக்கி ஒரு சொம்பு மொண்டார்.

"நல்ல தண்ணி சார். நான் குடிக்கிறேன் பாருங்க!"

பாதியிலேயே குமட்டியது. விடாமல் குடித்தார்.

"வேணாம் பாய், உடம்பு கெட்டுடும்" என்று கார்முகிலன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் உமைமா காலிக் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு வந்த ஆபீசருங்க நம்பிட்டாங்க. இந்தத் தண்ணிய அவங்களா குடிக்கப்போறாங்க?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.