பெல்ட்டை நாளைக்கு இறுக்கலாம் என்றேன்

வண்டி இஞ்சினில் ஓடும் பெல்ட்டின் நடுவில் கட்டை விரலை வைத்து அழுத்த வேண்டும். அரை அங்குலம் இறங்கினால் சரி. அதற்கு மேல் தொங்கினால் இறுக்க வேண்டும். கல் மாதிரி நின்றாலும் ஆகாது, டைனமோவின் பேரிங் போய்விடும். பத்தாவதுகூடத் தாண்டாத எனக்கு இது அத்துப்படி. எங்கள் டிரைவர் அண்ணனின் பழைய பிக்கப் வண்டியில் நூறு தடவையாவது அப்படி அழுத்திப் பார்த்திருக்கிறேன். இப்போதும் ஏதாவது வேன் கிளம்பும்போது பெல்ட் கீச்சென்று கத்தினால் நான் சட்டென்று திரும்பிப் பார்த்துவிடுவேன். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் காதில்கூட விழாது.

நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண் மலையாக நிற்கிறதே, அதன் மேல் மரக்கன்று நடும் கான்ட்ராக்ட் வேலை எங்களுக்கு. பன்னிரண்டு பெண்கள், நான் மேஸ்திரி. அண்ணன் காலையில் எங்கள் ஊரான வடக்குத்தில் எங்களை ஏற்றிக்கொண்டு போவார், மாலையில் இறக்கிவிட்டு வண்டியோடு வடலூரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போவார். புழுதியும் சேறும் பட்டு அந்தச் சனியன் பிடித்த பெல்ட் வாரத்துக்கு ஒரு தடவையாவது தளர்ந்துவிடும். அவருக்கு இடது கையில் பிடி கிடையாது, எப்போதோ முறிந்து ஒட்டிய கை. அதனால் டைனமோவுக்கும் இஞ்சினுக்கும் நடுவே இரும்புக் கம்பியைக் கொடுத்து நான் நெம்பிப் பிடிப்பேன், அவர் வலது கையால் போல்ட்டை முடுக்குவார். மற்ற பெண்கள் கிரீஸ் ஒட்டும் என்று ஒதுங்கிக்கொள்வார்கள். “எங்க மேஸ்திரிம்மா நெம்பலன்னா இந்த வண்டி ஒரு அடி நவுராது” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும், பொய் சொல்வானேன்.

அது ஐப்பசி மழை. அன்றைக்கு சுரங்க ஊழியர்களின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. வேலை முடிந்ததும் நேராகப் போய்விடலாம் என்று மேட்டடியில் இருந்த கொட்டகையிலேயே புடவை மாற்றிக்கொண்டேன். அரக்கு நிறம், அன்றுதான் முதல் தடவை கட்டினேன். அண்ணன் வண்டியைக் கிளப்பினார், பெல்ட் கத்தியது. இறங்கி பானெட்டைத் தூக்கினார்.

“மேஸ்திரிம்மா, ரெண்டே நிமிசம், செத்த வந்து நெம்புங்க. லைட்டு மங்கலா எரியுது.”

“புதுப் பொடவைண்ணே. நாளைக்கிக் காலைல பாத்துக்கலாம்.”

“சரி சரி, பொடவ நல்லாத்தான் இருக்குது” என்று சிரித்துவிட்டு பானெட்டை மூடினார். மழை இரைச்சலில் பின்னால் இருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. இவ்வளவுதான் நடந்தது.

எங்களையெல்லாம் இறக்கிவிட்டு அவர் வடலூர் சாலையில் போகும்போது இருட்டத் தொடங்கியிருக்கிறது. பெல்ட் வழுக்கினால் டைனமோ சரியாகச் சுற்றாது, பாட்டரி இறங்கிவிடும். தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில்தான். இஞ்சின் சூடேறி ஆவி அடித்ததும் ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்திருக்கிறார். பின்விளக்கு எரியவில்லை. மழையில் வந்த லாரிக்காரனுக்கு அங்கே ஒரு வண்டி நிற்பதே தெரியவில்லை. இடித்த வேகத்தில் பிக்கப் அவர் மேலேயே ஏறிவிட்டது. இரும்புக் கம்பி அவர் கையில் இருந்தது என்றார்கள். அந்தப் பிடியில்லாத கையால் தனியாக நெம்பிப் பார்த்திருக்கிறார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னிக்கி அவரு ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாராம்மா?” என்று கேட்டார். “ஒண்ணும் சொல்லலீங்க அண்ணி” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அதன் பிறகு பதினொரு வருடம். தைப்பூசத்துக்கு வடலூர் போகும்போதெல்லாம் அண்ணி வீட்டுக்குப் போவேன், இருவரும் சேர்ந்து ஜோதி பார்ப்போம். கூட்டத்தில் அவர் தோள் என் தோளில் இடிக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். சாலையில் யாராவது பானெட்டைத் திறந்து குனிந்திருந்தால் எனக்கு அது அவர்தான். நிமிர்ந்து பார்த்து, செத்த வந்து நெம்புங்க என்பார் என்று பயந்து எதிர்ப்பக்கம் போய்விடுவேன். பட்டப்பகலிலும் இதே கதைதான்.

இந்த வருடம் தைப்பூசத்தன்று நான் ஏறிய வேனின் பெல்ட் வழி நெடுகக் கத்திக்கொண்டே வந்தது. தாங்க முடியாமல் பாதியில் இறங்கி நடந்தே போனேன். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், அன்று அவர் கூப்பிட்டதையும் நான் போகாததையும் சொல்லிவிட்டேன். அண்ணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நிற்கவில்லை.

“தெரியுமேம்மா. வண்டி சூடாயி நின்ன எடத்துலேர்ந்து போன் பண்ணாரு. மேஸ்திரிம்மா புதுப் பொடவ கட்டிக்கினு இருந்துச்சி, பாவம், நாந்தான் விட்டுட்டேன்னு சிரிச்சாரு. அதான் கடைசியா பேசுனது.”

பிறகு ஏன் காரியத்தன்று என்னிடம் கேட்டீர்கள் என்றேன்.

“நீயே சொல்லுவன்னுதான் கேட்டேன். சொன்னின்னா, பரவால்ல போம்மா, நீ என்னா பண்ணுவன்னு சொல்லணும்னு இருந்தேன்.” அண்ணி முறத்தைக் கீழே வைத்தார். “அன்னிக்கின்னா சொல்லியிருப்பேன். இப்ப வாய் வரலம்மா.”