அண்ணி யாருக்காக மலை ஏறினார்?

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை வராது என்பார்கள். ஊர் எதைத்தான் சொல்லவில்லை? என் அண்ணி நல்லம்மாளைப் பற்றி எங்கள் பினாங்கு ஆயர் ஈத்தாம் வட்டாரம் முழுக்கப் பேசியது அத்தனையும் தப்பு. சரியாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானும் கடைசியில்தான் தெரிந்துகொண்டேன் என்பது வேறு விஷயம்.

அண்ணி பாயான் பாரு பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடுப்பு, ஜன்னலே இல்லாத குளிர் அறை, நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சின்னச் சின்னச் சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று மாறி மாறிப் போய் ஒரே மகன் சிவநேசனைப் படிக்க வைத்தார், எங்கள் அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கினார், என் அண்ணனுக்கு மீன் குழம்பு இல்லாத நாள் இல்லாமல் பார்த்துக்கொண்டார்.

அண்ணன் பழனியப்பன் பட்டர்வொர்த் படகுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்ற சொல்லை அவரைப் போல மதித்தவர் கிடையாது. காலையில் காப்பிக்கடை, பிறகு சாய்வு நாற்காலி, பிறகு கட்டில். அண்ணியும் ஓய்வு பெறப் போகிறார் என்றதும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்கு ஒரு வாழ்க்கையைத் தயார் செய்து வைத்தோம். பகலில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் பூத்தொடுப்பது, சாயங்காலம் இரண்டு மாடி இறங்கி என் வீட்டுக்கு வந்து என்னோடு தொலைக்காட்சித் தொடர் பார்த்து அழுவது. அண்ணியை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

வேலையை விட்ட கொஞ்ச நாளில் சந்தைக்கு மீன் வாங்கப் போன அண்ணி மத்தியானம் வரை திரும்பவில்லை. வந்தபோது கையில் மீன் இல்லை, காலணி நிறையச் செம்மண், முகம் நிறையச் சிரிப்பு. பேருந்து நிறுத்தத்தில் பழைய தொழிற்சாலைத் தோழி பீ லெங்கைப் பார்த்தாராம். அந்தச் சீனத்தி பொட்டானிக்கல் கார்டனிலிருந்து பினாங்கு மலைக்கு நடந்து ஏறுகிற கூட்டத்தில் ஒருத்தி. வருகிறாயா என்று கேட்டாளாம், இவரும் மீன் பையோடு போய்விட்டார்.

அந்த மலைப் பாதையில் பாதித் தூரத்தில் ஒரு கொட்டகை இருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து கட்டி நடத்துவது. ஏறி வருகிற ஒவ்வொருவரும் தண்ணீரோ சீனியோ பால் டின்னோ தங்களால் முடிந்ததைச் சுமந்துவந்து அங்கே ஒரு பலகையில் வைப்பார்கள். பலகையில் வைத்தது அடுக்களைக்குச் சொந்தம். அதில்தான் தேநீர் போட்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் ஊற்றுவார்கள். அண்ணி இதை எங்களிடம் சொன்னபோது, தங்கச் சுரங்கத்தைக் கண்டு வந்தவர் மாதிரி சொன்னார்.

தினமும் போக ஆரம்பித்ததும் குடும்பம் கூடியது. விழுந்து இடுப்பு ஒடிந்தால் யார் பார்ப்பது என்றான் சிவநேசன். பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்றாள் மருமகள் ஷர்மினி. காலையில் பசியாற என்ன வழி என்றார் அண்ணன். பெண்பிள்ளைக்கு இந்த வயதில் மலை எதற்கு என்று நானும் என் பங்குக்கு ஊதினேன். அண்ணி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"வேண்டுதல்."

அவ்வளவுதான். அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் வேண்டுதலுக்குக் குறுக்கே யாரும் நிற்பதில்லை. அது நிறைவேறும் வரை எதற்கென்று கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது, மீறினால் பலிக்காது. அத்தனை வருஷம் மேலாளரிடம் விடுப்புக்குக் கெஞ்சிய அண்ணி, மறுபேச்சில்லாத விடுப்பு எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடித்துவிட்டார்.

ஆனால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வேண்டுதல் என்றால் விரதம் உண்டே. வீட்டில் மீன் நின்றது, முட்டை நின்றது. அண்ணன் சாம்பாரில் முருங்கைக்காயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், ஆனால் ஒரு வார்த்தை முனகவில்லை. அண்ணி மட்டும் பீ லெங் மலைக்குக் கொண்டுவரும் அவித்த முட்டையைத் தினமும் தின்றுகொண்டிருந்தார் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரியும்.

எதற்காக வேண்டுதல் என்று கேட்கத்தானே கூடாது, நினைக்கலாமே. அண்ணன் தன் இனிப்பு நீர் வியாதிக்காக என்று நினைத்தார். பெண்டாட்டி தனக்காக மலை ஏறும்போது தான் இனிப்புக் காப்பி குடிப்பதா என்று உருகி, காப்பிக்கடையில் சீனி போடாமல் குடிக்கத் தொடங்கினார். தங்கள் சண்டை அம்மா காதுக்கு எட்டிவிட்டது என்று சிவநேசனும் ஷர்மினியும் நினைத்து, புதுமாப்பிள்ளை புதுப்பெண் போல நடந்துகொண்டார்கள். பிள்ளையைப் பார்க்க ஷர்மினி தன் அம்மாவையே வரவழைத்தாள். நான் என் முட்டி வலிக்காக என்று நினைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, முட்டியும் கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருந்தது. சந்தையில் என்னென்னவோ வியாதி பெயரெல்லாம் சொன்னார்கள். கீரைக்காரம்மா அண்ணியிடம் காசு வாங்க மாட்டேன் என்று அழுதாள்.

இந்த நேரத்தில்தான் கொட்டகைக் கூட்டம் கடல் தாண்டி சபா மாநிலத்துக்குப் போய்க் கினபாலு மலை ஏறுவதென்று முடிவு செய்தது. அண்ணி பெயரையும் சேர்த்துவிட்டார்கள். அண்ணி அந்த மலையின் படத்தைச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து, போகிறபோதும் வருகிறபோதும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தாலிக்கொடியைக்கூட அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அண்ணனிடம், வேண்டுதல் அங்கே போனால்தான் முடியும், குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம்தானே என்று பழமொழியைத் துணைக்கு இழுத்தார்.

அண்ணன் சந்தேகத்தோடு எங்கள் கோயில் பொருளாளரிடம் போய்க் கேட்டார். எதற்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பவர் அந்த மனிதர். குமரனுக்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை, பினாங்கு மலை உச்சியிலேயே முருகன் கோயில் இருக்கிறது, குடும்பமாக நடந்து ஏறிப் பால்குடம் செலுத்தினால் வேண்டுதல் முடிந்தது என்று சொல்லிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமையே நல்ல நாளாம், தானும் கூட வருகிறாராம்.

அதைக் கேட்ட அண்ணியின் முகத்தை நான் பார்த்தேன்; அதன் அர்த்தம் பின்னால்தான் புரிந்தது. வேண்டுதலில் ஒரு சங்கடம், அது முடியும். அந்தப் பால் முருகன் தலையில் விழுந்த நிமிஷம் சபாவும் இல்லை, கொட்டகையும் இல்லை. அடுத்த நாளே அடுப்படி. பாவம், வாயைத் திறக்கவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மஞ்சள் உடுப்பில் கிளம்பினோம். மலை ரயில் ஒன்று இருக்கிறதே என்று சிவநேசன் தொடங்கினான். அண்ணன் பார்த்த பார்வையில் அந்த ரயிலே தடம் புரண்டிருக்கும். தலையில் பால்குடத்தோடு முன்னால் போனார். முதல் ஏற்றத்திலேயே பால் நெற்றியில் வழிந்தது. இரண்டாவது ஏற்றத்தில் குரங்குகள் பின்தொடர்ந்தன. சிந்துகிற பாலைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல், பொருளாளரிடம் அனுமதி கேட்டு, குடத்துப் பாலைப் பெரிய தண்ணீர் புட்டியில் ஊற்றி மூடினார். கோயில் பக்கம் போனதும் திரும்பக் குடத்தில் ஊற்றிக்கொள்வதாக ஏற்பாடு. நான் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தேன். அண்ணி என் பையையும் வாங்கி மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்காமல் முன்னும் பின்னுமாக நடந்து எங்களை மேய்த்தார். அறுபதைத் தாண்டிய மனுஷி. ஒத்துக்கொள்கிறேன், பார்க்க அழகாக இருந்தது.

கொட்டகைக்கு வந்து விழுந்தோம். அண்ணன் கையிலிருந்த புட்டியைக் கிட்டே இருந்த பலகையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். பீ லெங் எங்களைப் பார்த்துப் பூரித்துப் போனாள். உட்காரச் சொல்லி விசிறினாள், பிஸ்கட் கொடுத்தாள், எல்லாருக்கும் சுடச்சுடத் தேநீர் ஊற்றினாள். டின் பால் இல்லாத நல்ல பசும்பால் தேநீர். இப்படி ஒரு தேநீரைத் தன் வாழ்நாளில் குடித்ததில்லை என்று பொருளாளர் இரண்டாவது கோப்பை வாங்கினார். அண்ணன் பாதி குடித்திருந்தபோது பலகையைப் பார்த்தார்.

புட்டி அடுப்புப் பக்கத்தில் காலியாகக் கிடந்தது.

விஷயம் புரிந்ததும் பீ லெங் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மலாயிலும் ஹொக்கியன் சீனத்திலும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டாள். அவள் மேல் என்ன தப்பு? பலகையில் வைத்தது அடுக்களைக்குச் சொந்தம். பொருளாளர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சாமி பாலை எச்சில் பண்ணியாகிவிட்டது, இன்னும் ஒரு மண்டலம் விரதம் இருந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவரை அம்மா மலை ஏறட்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு மண்டலத்துக்குள் சபா பயணம் வந்திருக்கும். அண்ணி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, இங்கே பாலே நழுவித் தேநீரில் விழுந்திருந்தது.

ஆனால் அண்ணன் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். தன்னால் குடும்பத்துக்கு என்ன கேடு வரப்போகிறதோ என்று கண் கலங்கியிருந்தார். பக்கத்தில் பீ லெங் அழுதுகொண்டிருந்தாள். அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பையைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்தார்.

"வேண்டுதல் ஒண்ணும் இல்லீங்க," என்றார். "நான் சும்மா சொன்னேன்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "என் இனிப்பு நீருக்கு இல்லையா?"

"இல்ல."

எங்களுக்கா என்று சிவநேசன் ஜாடையில் ஷர்மினியைக் காட்டினான். அதற்கும் இல்லை என்று தலையாட்டினார். என் முட்டியை நான் கேட்கவே இல்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் யாருக்காகத்தான் ஏறினாராம்?

"முப்பது வருஷத்துக்கு மேல ஷிப்ட்டு போனேன், அது உங்க எல்லாருக்காகவும்தான்," என்றார் அண்ணி. "இது எனக்கு. ஏறுனா நல்லாருக்கு. அவ்ளோதான் லா. ஆசைன்னு சொன்னா விட்டிருப்பீங்களா?"

நாங்கள் விட்டிருக்க மாட்டோம், அது எல்லாருக்கும் தெரியும். பொருளாளர் மட்டும் மெதுவாகக் குனிந்து தன் கோப்பையை எடுத்து மிச்சத்தைக் குடித்தார்.

உச்சிக்குப் போகாமலேயே திரும்பினோம். ஏறுவதைவிட இறங்குவது கொடுமை. அண்ணனுக்குத் தொடை உதறியது. அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பாதத்தைப் பக்கவாட்டில் வைக்கச் சொல்லி ஒவ்வொரு அடியாக இறக்கினார். பின்னால் என் முட்டியைத் திட்டிக்கொண்டே வந்த எனக்கு, பாதி வழியில் அண்ணன் குரல் கேட்டது.

"அந்த சபா மலை எவ்ளோ உயரம்?"

"இந்த மாதிரி அஞ்சு மலைய ஒண்ணு மேல ஒண்ணு வச்சா வரும்."

"அங்க ஏறி என்னா பண்ணுவ?"

அண்ணி யோசித்தார். "எறங்கிடுவேன்."

அண்ணன் சிரித்தாரா இருமினாரா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று இரவே மீன் வாங்கி வந்தார். அதை அவரே சுத்தம் செய்தார் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். போவதைப் பற்றி மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அண்ணியும் கேட்கவில்லை. பையை மட்டும் கட்டி வைத்தார்.

புறப்படுகிற நாளில் அண்ணனே பையைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்தார். பீ லெங்கும் கொட்டகைக்காரர்களும் ஒரே நிறச் சட்டையில் நின்றிருந்தார்கள். அண்ணிக்கும் ஒரு சட்டை வைத்திருந்தார்கள். அண்ணி அதைப் புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு நின்றார். அப்போது பார்த்து எங்கள் ஆயர் ஈத்தாம் கீரைக்காரம்மா, தன் மகனை வழியனுப்ப வந்தவள், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். அண்ணி கையைப் பிடித்து, எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள், வேண்டுதல் நல்லபடியாக முடியட்டும் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அண்ணி அண்ணனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தே வாழ்ந்த மனுஷன். ஆமாம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

அண்ணன் பையைக் கீழே வைத்தார்.

"கோயிலுக்கு இல்லம்மா," என்றார். "மலை ஏறப் போறா. அவளுக்கு ஆசை."