மாப்பிள்ளைக்கு வைத்த ஏசி

கடலூரில் ஹீட்டர் வாங்கிய ஆள் என்றுதான் என் மச்சான் என்னை அறிமுகப்படுத்துவார். என் மனைவியின் அண்ணன். சிதம்பரம் கீழவீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கடைக்குக் குடம் வாங்க வருகிறவர்களிடமும் சொல்வார், கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்தபடியும் சொல்வார். நான் மறுத்ததில்லை. மறுக்க வழியும் இல்லை, அது உண்மை.

மகளுக்குக் கல்யாணமாகி முதல் தீபாவளி. மாப்பிள்ளை கனடாவில் வேலை செய்கிறவர். தலைதீபாவளிக்கு வருகிறவருக்கு மோதிரம், பட்டு வேட்டி என்று இருந்த பட்டியலில் இப்போது எங்கள் பக்கத்தில் ஏசி வைத்த அறையும் சேர்ந்துவிட்டது. அதுவரை நாங்கள் மின்விசிறியோடு வாழ்ந்தோம். நான் அதை ஒரு கொள்கை போலச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

எதையும் வாங்குவதற்கு முன் அதைப் பற்றிப் படித்துத் தீர்க்கும் வியாதி எனக்கு உண்டு. பதினைந்து நாள் படித்தேன். முடிவில், குளிரும் தரும், சூடும் தரும் ஸ்பிளிட் ஏசி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பனி கொட்டும் ஊரிலிருந்து வருகிற பிள்ளை, ஐப்பசி மழையில் குளிர்ந்துபோனால் என்ன செய்வது என்பது என் வாதம். பனி கொட்டும் ஊரில் இருப்பவருக்கு நம் ஊர் மழை எம்மாத்திரம் என்று யோசிக்க அந்தப் பதினைந்து நாளில் எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

மாட்ட வந்த மெக்கானிக் பரங்கிப்பேட்டைக்காரர். துபாயில் பன்னிரண்டு வருடம் ஏசி வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ரிமோட்டைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“சார், இந்த சூரியன் படம் போட்ட பட்டன அமுக்கிறாதீங்க. வெந்துருவீங்க.”

“இது சூட்டைத் தானா உண்டாக்குறதில்ல பாய். வெளியில இருக்கற சூட்டை எடுத்து உள்ள கொண்டாருது” என்று என் படிப்பைக் காட்டினேன்.

“நம்மூர்ல அத வேற எடுத்துக் கொண்டாரணுமா சார்? ஜன்னலத் தொறந்தா அதுவே வருமே.”

மாப்பிள்ளை வந்தார். அரைக்கால் சட்டையோடு பதினெட்டு டிகிரியில் ஐந்து நாள் தூங்கினார். சூரியன் படத்தை அவர் பார்க்கவே இல்லை. அவர்கள் ஊருக்குப் போன மறுநாள் என் மனைவி அந்த அறையைப் பெருக்கி, ரிமோட்டை அது வந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே திரும்பப் போட்டு, பீரோவில் வெள்ளிக் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள். அடுத்து வந்த சித்திரையில் நான் வேர்த்து ஊற்றிக்கொண்டு அந்த அறைக் கதவைப் பார்த்தபோது, “அது மாப்பிள்ளைக்கு வெச்சது” என்றாள். அப்பீல் இல்லாத தீர்ப்பு.

அந்த வருடம் ஆவணியில் அவளுக்கு நோய் தெரிந்தது. புதுச்சேரிக்கு அழைத்துப் போய், மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றிக்கொண்டு வருவோம். முடி போயிற்று, ருசி போயிற்று. அதற்கெல்லாம் அவள் பெரிதாக வருத்தப்படவில்லை. குளிரைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மழை பிடித்த பிறகு இரண்டு கம்பளிக்குள் கிடந்து பல் கிட்டிப்போகும். சுடுதண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக் காலடியில் வைப்பேன், அரை மணியில் ஆறிவிடும். என்னுடைய குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு கண் மட்டும் தெரியப் படுத்திருப்பாள். மார்கழியில் நடக்கப் போவதற்காக நான் வாங்கி, நடக்காமல் விட்ட குல்லா.

“அந்த ரூம்ல சூடு வர்ற ஏசி இருக்குல்ல” என்றேன்.

“மாப்பிள்ளை படுக்கற எடத்துல சீக்காளி போயி படுக்கறதா? அவுங்க வந்தா என்ன நெனைப்பாங்க?”

ஒரு நாள் அவள் கண்ணயர்ந்திருந்தபோது பீரோச் சாவியைத் தேடி ரிமோட்டை எடுத்துக்கொண்டு அந்த அறையைத் திறந்தேன். சூரியனை அமுக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது. காற்று வரவில்லை. மறுபடி அமுக்கினேன், அணைத்தேன், போட்டேன், அணைத்தேன். அத்தனை படித்த மனிதன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பாய்க்குப் போன் செய்தேன். கொட்டுகிற மழையில் ரெயின்கோட்டோடு வந்து சேர்ந்தார்.

ஒரு முறைதான் பட்டனை அமுக்கினார். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

“வரலியே பாய்.”

“செத்த சும்மா இருங்க சார். மோட மாத்துனா அது கொஞ்ச நேரம் வாயத் தொறக்காது. மொதல்ல உள்ள இருக்கற காயில் குழாய சூடாக்கிக்கும், அப்புறந்தான் காத்த விடும். இல்லேன்னா ஆரம்பத்துல ஜில்லுனு மேல அடிச்சிரும்ல. நீங்க அவசரப்பட்டு அமுக்க அமுக்க, அது மொதல்லேருந்து ஆரம்பிக்குது.”

மூவரும் காத்திருந்தோம். மூன்றாவது ஆள் எப்போது வந்து கதவருகே நின்றாள் என்று நான் கவனிக்கவில்லை. சுவரிலிருந்த பெட்டியின் மடல் மெல்லக் கீழே திரும்பியது. வெதுவெதுப்பான காற்று வந்தது. அவள் குல்லாவோடு கையை மட்டும் அறைக்குள் நீட்டிப் பார்த்தாள்.

“பாய், நான் இங்கயே கொஞ்ச நேரம் நின்னுக்கலாமா?”

“உங்க வூடும்மா இது” என்றார் பாய். அவர் முகம் மாறிவிட்டது. போகும்போது என்னிடம், வெளியே வெயில் ஏறினால் அதுவே நின்றுவிடும், பயப்பட வேண்டாம், இந்த மழைக்கும் பனிக்கும் நன்றாக ஓடும் என்று சொல்லிவிட்டுப் போனார். சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் அங்கேதான் இருந்தாள். கார்த்திகை, மார்கழி முழுக்க. ஞாயிறுதோறும் சிதம்பரத்திலிருந்து மச்சான் வருவார். கதவைத் திறந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, துண்டால் முதுகைத் துடைத்துக்கொண்டே தங்கையோடு பேசுவார்.

“ஊரே குளுருக்கு ஏசி போடுது. நீங்க ரெண்டு பேரும் இட்லி கணக்கா வேகறீங்களே.”

“ஒனக்கென்ன, நல்லாத்தான இருக்கு” என்பாள் அவள்.

“கடலூர்ல ஹீட்டர் வாங்குன ஆளுன்னு இனிமே சொல்ல முடியாம பண்ணிட்டீங்க மச்சான்” என்றார் என்னிடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் துண்டால் முகத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

பொங்கல் கழிந்த வாரத்தில் அவள், பால் வாங்கி வரச் சொல்வது போலச் சொன்னாள். “ஏங்க, என்னைப் பெட்டியில வைக்காதீங்க. எங்க பெரியம்மாவ வெச்சிருந்தாங்களே, மூடியத் தொறந்தப்ப தொட்டுப் பாத்தேன். அவ்ளோ குளுரு.”

எங்கள் பக்கத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்கும் கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டியைத்தான் சொன்னாள். மகள் கனடாவில் இருக்கும்போது அதைத் தவிர்ப்பது எப்படி என்று நான் கேட்கவில்லை. சரி என்றேன். பால் வாங்கி வருகிறேன் என்பது போலத்தான் நானும் சொன்னேன்.

தை மாதக் கடைசியில், மகள் விமானத்தில் இருந்தபோது, காலை எட்டு மணிக்கு முன்பாக அவள் போய்விட்டாள். முதல் நாளே நிலைமை தெரிந்துதான் மகள் கிளம்பியிருந்தாள். சென்னையில் இறங்கி வீடு வந்து சேர மாலை நாலு மணியாகும். தகவல் தெரிந்து வந்த மச்சான், வரும்போதே பெட்டிக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

“பெட்டி வேணாம் மச்சான்” என்றேன்.

“என்ன பேசறீங்க? நாலு மணி வரைக்கும் எப்பிடி வெக்கிறது?”

அவள் கேட்டதைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற உறவுக்காரப் பெண்கள் அதெல்லாம் நடக்கிற காரியமா என்றார்கள். மச்சான் வாசலுக்குப் போய்ப் போன் பேசிவிட்டு வந்தார்.

“பெட்டிய வேணாம்னுட்டேன். ஆனா இந்தச் சூட்ட நிறுத்திட்டு ஏசிய பதினாறுல வெக்கணும். அது இல்லாம முடியாது, பாத்துக்குங்க.”

எனக்கும் தெரியும். அந்த இயந்திரத்தைப் பற்றி இந்த ஊரில் என்னை விட அதிகம் படித்தவன் கிடையாது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சூரியன் படத்திலிருந்து குளிருக்கான பனிப்பூப் படத்துக்கு ஒரே ஒரு பட்டன்தான். மூன்று மாதமாக அதைத் தவறியும் தொட்டுவிடக் கூடாதென்று, அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தேன். நகத்தால் சுரண்டி அதைப் பிய்த்தேன். அமுக்கினேன்.

காற்று நின்றது. பாய் சொன்ன அந்தச் சும்மா இருக்கும் நேரம். அதற்குள் பெண்கள் அவளுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூ வைப்பதற்காகத் தலையிலிருந்த குல்லாவைக் கழற்றப் போனார்கள்.

“அது இருக்கட்டும்” என்றார் மச்சான்.

“சுமங்கலிக்குத் தலையில பூ வெக்க வேணாமா?” என்றாள் ஒருத்தி.

“பொண்ணு வந்ததும் கழட்டிட்டு வெச்சிக்கலாம். இப்ப குல்லா இருக்கட்டும்.”

அவர் குனிந்து, பாதி கழன்றிருந்த குல்லாவை அவள் காது இரண்டும் மூடும்படி இழுத்துவிட்டார். நான் அந்த இரண்டு கம்பளிகளையும் எடுத்து வந்து கழுத்து வரை போர்த்தினேன். போர்த்தி முடிக்கவும் சுவரிலிருந்த மடல் திறந்துகொண்டது.