காயாத வியர்வை

விசில் ஊதியாயிற்று. பந்து பெனால்ட்டி புள்ளியில் உட்கார்ந்திருந்தது. லிங்கராஜபுரம் டீமின் பையன்கள் ரெஃபரி கிளாரன்ஸைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள்.

"இன்னா அங்கிள், கண்ணு அவிஞ்சு போச்சா? கையில எங்க பட்டுச்சு?"

"தள்ளுங்கடா. ரெஃபரி சொன்னா சொன்னதுதான்," என்றான் ஈஜிபுரா கேப்டன் டெரிக்.

சண்டை போட்டு நின்றதில் எல்லோர் முதுகிலும் வியர்வை காய்ந்துவிட்டது. கிளாரன்ஸ் முதுகில் மட்டும் சில்லென்று வழிந்துகொண்டிருந்தது.

போன வருடம் அவருக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வந்து போனது. நெடுநாள் சர்க்கரையில் நரம்பு மரத்துவிட்டால் அப்படித்தான் என்றார் டாக்டர். இன்சுலின் போட்டுக்கொண்டு ஓடினால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். புத்தி குழம்பும், பழுதான இதயம் தடுமாறும். நெஞ்சு படபடத்து முன்கூட்டியே சொல்லிவிடும்தான். ஆனால் இதயத்துக்கென்று கொடுத்த மாத்திரை அந்தப் படபடப்பை அடக்கி வைத்துவிடுகிறது. மிச்சமிருக்கும் எச்சரிக்கை வியர்வைதான்.

மைதானத்தில் ஒரு தடவை உடம்புக்கு முடியாமல் போனாலும் ரெஃபரி சட்டையைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் சர்ச் பங்கின் விளையாட்டுக் கமிட்டி அவரை மறுபடி இறக்கியிருந்தது. இப்போது பேசாமல் நின்றால் யாருக்கும் தெரியாது.

கிளாரன்ஸ் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார். கோட்டோரம் போய்த் தரையில் உட்கார்ந்தார். மனைவி பிரிஜெட் குளுக்கோஸைக் கரைத்து வைத்திருந்தாள்.

"வேணாம்னு தலதலயா அடிச்சிக்கிட்டேன். கேட்டீங்களா?"

"வீட்ல போய்த் திட்டு. இப்ப குடு."

கமிட்டிக்காரர் அலெக்சாண்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். தலை தெளிந்ததும் கிளாரன்ஸ் லைன்ஸ்மேன் ரகுவைக் கூப்பிட்டார்.

"நீ இன்னா பாத்த?"

"தொடையில பட்டுச்சுண்ணா. கையில இல்ல."

டெரிக் ஓடி வந்தான். "பால் வெச்சாச்சு அங்கிள்! இப்பப் போய் மாத்துவீங்களா?"

"இன்னும் உதைக்கலியேடா." கிளாரன்ஸ் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார்: "ஊதும்போது எனக்கு சுகர் எறங்கியிருந்துச்சு. அந்த விசிலை நானே நம்பல. பெனால்ட்டி இல்ல."

விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி ரகுவிடம் கொடுத்தார். மிச்ச ஆட்டத்தை ரகு நடத்தினான். ஈஜிபுரா தோற்றது.

மறுநாள் காலை கிளாரன்ஸ் கிளினிக்குக்குப் போனார். டாக்டர் இன்சுலின் அளவைக் குறைத்து எழுதினார். மதியம் கிளாரன்ஸின் டூவீலர் மெக்கானிக் கடைக்கு அலெக்சாண்டர் வந்து, துவைத்துக் காய்ந்திருந்த ரெஃபரி சட்டையை வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் டெரிக் தன் வண்டியைக் கொண்டுவந்து விட்டான். அவனுடைய ஈஜிபுராவிலேயே மெக்கானிக் கடைகளுக்குக் குறைவில்லை; இருந்தும் இங்கே வந்திருந்தான். பிரேக் தேய்ந்திருந்தது. கிளாரன்ஸ் மாற்றிக் கொடுத்தார்.