நாலு தலைக்குத்தான் வூடு

எம்புள்ளைங்க ரெண்டும், "பெங்களூர்ல வாடகை இவ்ளோ, மெட்ராஸ்ல இவ்ளோ"ன்னு பேச ஆரம்பிச்சாப் போதும், நான் எழுந்து அடுப்படிக்குப் போயிடுவேன். "உனக்கு இன்னாம்மா பயம், நீயா குடுக்கப் போற?"ன்னு கிண்டல் பண்ணுதுங்க. அதுங்களுக்கு இன்னா தெரியும்?

அப்போ எனக்கு ஒன்பது வயசு. ஒரகடம் பக்கம் எங்க ஊரு. சுத்தி ஏரியும் கழனியும்தான், கம்பெனின்னு ஒன்னும் கெடையாது. அப்பாவுக்கு மெட்ராஸ்ல ஒரு லாரிப் பட்டறையில வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து எறங்குவாரு. சட்டையக் கழட்டறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுவாரு. "இங்க கீரைய வேலியில கிள்ளிக்கிறோம், அங்க ஒவ்வொரு கட்டுக்கும் காசு. இங்க சுள்ளி பொறுக்கிக்கிறோம், அங்க விறகுத் தொட்டியில எடை போட்டுத்தான் தருவான். ஆனை அசைஞ்சு துன்னும், வூடு அசையாம துன்னும்னு சும்மாவா சொன்னாங்க?"

ஒரு வாரம் வந்தவரு, "வூடு பாத்துட்டேன். ஆனா வூட்டுக்காரம்மா நாலு தலைக்கு மேல கூடாதுங்குது. கொழாய்த் தண்ணி பத்தாதாம்"னாரு. நாங்க அஞ்சு பேரு. அப்பா, அம்மா, பதிமூணு வயசு அண்ணன், நான், பால் குடிக்கிற தம்பி. "புள்ளைங்கள்ல ஒன்னை வாலாஜாபாத்ல எங்கக்கா வூட்டுல வுட்டுட வேண்டிதான்"னாரு.

தம்பிய வுட முடியாது. அண்ணன் படிக்கிற ஆம்பளப் புள்ள. அப்போ நான்தானே? அந்த அத்தை வூடுன்னாலே எனக்கு பயம். மாமா மகா கோவக்காரரு, மாட்டை அடிக்கிற கயித்தாலயே மனுசரையும் அடிப்பாரு. அங்க போனா பள்ளிக்கூடம் கெடையாது, எருமை மேய்க்கணும்.

எனக்குத் தோணின ஒரே வழி, செலவு வைக்காத புள்ளையா இருக்கறது. அம்மா அந்தப் பக்கம் திரும்பறப்ப, என் தட்டுச் சோத்துல பாதிய அள்ளி அண்ணன் தட்டுல போட்டுடுவேன். "இன்னா பாப்பா?"ம்பான். "ரொம்பிடுச்சுணா"ம்பேன். வளர்ற வயசு, அவனும் துன்னுடுவான். பசிச்சா தண்ணிய மொண்டு குடிச்சுக்குவேன். அப்பா இருக்கற நாள்ல இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாவே தள்ளுவேன்.

நாலாவது ஞாயித்துக்கிழமை மத்தியானம், அப்பா சாப்பாட்டு நடுவுல கைய நிறுத்திட்டு அண்ணன் தட்டையே பாத்தாரு. அப்புறம் அம்மாகிட்ட சொன்னாரு: "இவன் ஒருத்தனே ரெண்டாள் சோறு துன்றான். பட்டணத்துல அரிசி விக்கிற வெலைக்கு நமக்குக் கட்டுப்படியாகாது. இவ குருவியாட்டம் கொத்துறா, இவ வரட்டும். இவன் அக்கா வூட்டுல இருக்கட்டும்."

"படிக்கிற புள்ளையாச்சே"ன்னு அம்மா அழுதுச்சு. அண்ணன் கையக் கழுவிகினு எழுந்து போனான்.

நான் சொல்லியிருக்கணும். "அது என் சோறுப்பா"ன்னு ஒரே ஒரு வார்த்தை. சொன்னா என்னை அங்க அனுப்பிடுவாங்கன்னு பயந்து வுட்டுட்டேன். அய்யோ, இதையும் சொல்லிடறேன், உள்ளுக்குள்ள எனக்கு சந்தோசமா இருந்துச்சு.

கெளம்புற அன்னிக்கு அண்ணன்தான் மூட்டைங்கள பஸ் மேல ஏத்தினான். அப்புறம் ஜன்னல்கிட்ட வந்து ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினான். "அங்கயாவது ஒழுங்கா துன்னு பாப்பா. நீ துன்னாததப் பாத்து எனக்கு பயமா இருந்துச்சு"ன்னான்.

வாங்கிக்கினேன். பஸ் கெளம்புற வரைக்கும் வாயத் தொறக்கல.